கரடி தெளிவாகத்தான் பேசியது

அன்று காலையிலிருந்து அந்த வீட்டுக்குள் எல்லாரும் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள்.

அது அந்த வீட்டுச் சட்டம். அம்மா தையல்காரர். அவரிடம் நாற்பது குண்டூசிகள் இருந்தன. தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் அவற்றை எண்ணுவார். நாற்பது இருந்தால் வெறுங்காலோடு நடக்கலாம். ஒன்று குறைந்தாலும் போச்சு. அது கிடைக்கும்வரை, கட்டிலிலிருந்து இறங்குவதாக இருந்தாலும் செருப்புதான். அன்று எண்ணியபோது முப்பத்தொன்பது இருந்தன.

அம்மா காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தரை முழுவதும் துழாவிவிட்டார். மேஜைக்கு அடியில், மெஷினுக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு அடியில் எல்லாம் தேடியாயிற்று. உடைந்த ஊசித்துண்டு ஒன்றும் இரண்டு கொக்கிகளும் கிடைத்தன. குண்டூசி மட்டும் கிடைக்கவில்லை.

பட்டன் வாயே திறக்கவில்லை.

பட்டன் அந்த வீட்டின் கடைக்குட்டி. வயது பத்து. இரண்டு வயதில் நீல நிறப் பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டு வீட்டையே இரண்டு நாள் ஆட்டிவைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. அந்த நீலப் பட்டன் பிறகு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், அம்மா உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

குண்டூசி எப்படித் தொலைந்தது என்று பட்டனுக்குத் தெரியும். எங்கே போனது என்பதுதான் தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். அக்காவும் வெளியே போயிருந்தாள். அலமாரியில் அக்காவின் லேப்டாப் சும்மா கிடந்தது. இந்த வாரம் முழுக்க அதை யாரும் தொடக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னதால்தான் பட்டனின் கை அரித்தது.

அதை எடுத்து, அம்மா துணி வெட்டும் மேஜைமேல் வைத்து, துப்பறியும் கரடியின் படத்தைப் போட்டாள். சத்தத்தை முழுசாக ஏற்றினாள். கேக்கைத் திருடியது யார் என்று கரடி சொல்லப் போகிற நேரத்தில் மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

பட்டன் லேப்டாப்பைப் படாரென்று மூடித் தூக்கினாள். முழங்கை இடித்து ஊசிப் பெட்டி கவிழ்ந்தது. மேஜை முழுக்கக் குண்டூசிகள் சிதறின. கையில் இருந்ததை அப்படியே மேஜைமேலேயே வைத்துவிட்டு, ஊசிகளை அள்ளிப் பெட்டியில் போட்டாள். பிறகு லேப்டாப்பைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்ததை நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மூன்று மணிக்கு அக்காவுக்குத் தேர்வு. சாதாரணத் தேர்வு அல்ல. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கான பயிற்சியில் சேருவதற்கான தேர்வு. எங்கோ ஓர் ஆபத்து என்றால் பதறிப்போய்ப் பேசுகிறவர்களிடம் முகவரியைக் கேட்டு வாங்கி, வண்டியை அனுப்பிவைக்கிற வேலை அது. வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். போன வருடம் அக்கா ஒரு நாள் தாமதமாக விண்ணப்பித்து வாய்ப்பைக் கோட்டைவிட்டாள். அன்றிலிருந்து அம்மா தைக்கும் சட்டைகளில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே இந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டாள். இன்று நடப்பது கேட்கும் தேர்வு. இருபது பேர் பேசிய பதிவுகள் லேப்டாப்பில் ஒலிக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான். கேட்டதும் முகவரியை எழுத வேண்டும். யாரும் காதுக்குள் பதில் ஓதிவிடக் கூடாது என்பதற்காக ஹெட்போனுக்குத் தடை. வேறு ஸ்பீக்கரோ போனோ அறைக்குள் இருக்கக் கூடாது. இந்த லேப்டாப்பைத்தான் பதிவு செய்திருப்பதால் வேறொன்றை இரவல் வாங்கவும் வழியில்லை. மேற்பார்வையாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒன்றே முக்கால் மணிக்கு அக்கா ஒலியைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். தேர்வுக்காரர்கள் கொடுத்திருந்த மாதிரிப் பதிவைப் போட்டாள்.

ஓர் ஆண் குரல் பேசியது. ஆனால் என்ன பேசியது என்று யாருக்கும் புரியவில்லை. “கர்ர்ர்... பதி... கர்ர்... மாடி... கர்ர்ர்” என்றுதான் வந்தது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். அதே கரகரப்பு. சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாள். அதே கரகரப்பு. சத்தத்தைக் குறைத்தால் கரகரப்பு அடங்கியது, ஆனால் பேச்சும் சேர்ந்து அடங்கியது. ஹெட்போன் மாட்டினால் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. அதைத்தான் மாட்டக் கூடாதே.

நேற்று சத்தத்தை முழுசாக ஏற்றியது பட்டன்தானே. ஸ்பீக்கர் அதனால்தான் கிழிந்திருக்குமோ? சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அக்காவின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

அம்மா ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கக் கடைக்குக் குரல் கொடுத்தார். அங்கே கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். கடைக்குக் ‘கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரி’ என்று பெயர் வைத்திருந்ததால் தெருவே அவரை டாக்டர் மாமா என்று கூப்பிட்டது. அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள் என்றார் அம்மா. தனக்குக் கிடைத்த தனி மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவர் நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வந்தார்.

கடைசியாக எப்போது சத்தம் ஒழுங்காக வந்தது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்ததாக அக்கா சொன்னாள். திங்கள் இரவு லேப்டாப் தானாக ஓர் அப்டேட் போட்டுக்கொண்டதாம். அதற்குப் பிறகு இன்று புதன்கிழமைதான் சத்தம் வைத்துப் பார்க்கிறாள்.

“அப்போ சந்தேகமே இல்லை, அப்டேட் பண்ணின வேலைதான் இது,” என்றார் டாக்டர் மாமா.

ஒலிக்கான மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டார். பதினைந்து நிமிடம் போயிற்று. மாதிரிப் பதிவைப் போட்டார்கள். “கர்ர்ர்” என்றது. ஏதேதோ அமைப்புகளை மாற்றினார். அதற்கும் “கர்ர்ர்” என்றே பதில் வந்தது. மணி இரண்டு பத்து.

டாக்டர் மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனி ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். லேப்டாப்பில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். தேர்வு மென்பொருளும் அழிந்துபோகும். தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்து மறுபடியும் அதற்கான எண்ணை வாங்க வேண்டும். அவர்கள் போனை எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் இல்லை.

“இதைச் செஞ்சா கண்டிப்பா சரியாயிடுமா?” என்று அக்கா கேட்டாள்.

“அப்டேட்தான் காரணம்னா சரியாயிடும்.”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். டாக்டர் மாமா திரையில் எதையெதையோ அழுத்தினார். ‘எல்லாம் அழிக்கப்படும். தொடரலாமா?’ என்று கேள்வி வந்தது. அவர் விரல் பொத்தானை நோக்கிப் போயிற்று.

இந்த அறையில் இருக்கும் நான்கு பேரில் ஒரு விஷயம் பட்டனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாம் அழிந்துவிடும், கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

“மாமா, அழிக்காதீங்க. நேத்து கரடி தெளிவாத்தான் பேசுச்சு.”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எந்தக் கரடி?” என்றார் டாக்டர் மாமா, விரலை எடுக்காமல்.

பட்டன் கடகடவென்று சொல்லிவிட்டாள். லேப்டாப்பை எடுத்தது, படம் பார்த்தது, சத்தத்தை முழுசாக வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

“நேத்து அஞ்சு மணிக்கா? நல்லா ஞாபகம் இருக்கா? கரடிக்கு என்ன குரல்?”

“நல்ல கட்டைக் குரல், மாமா. ஒரு வார்த்தைகூட கரகரக்கலை.”

டாக்டர் மாமா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்டேட் திங்கட்கிழமை. கரடி பேசியது செவ்வாய்க்கிழமை. அப்படியென்றால் குற்றவாளி அப்டேட் அல்ல. கொஞ்சம் விட்டிருந்தால் வீணாக எல்லாவற்றையும் அழித்திருப்பார். அவருக்கே கூச்சமாக இருந்தது. ஸ்பீக்கர்தான் பழுதாகியிருக்கும், பழைய மாதிரி ஸ்பீக்கர் கடையில் ஒன்று கிடக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்து ஓடினார்.

மணி இரண்டு இருபத்தைந்து.

“அதைத் தொடாதேன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?” என்று அக்கா கேட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மெதுவாகக் கேட்டதுதான் பட்டனுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் நேரம்தான் போகும். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, அந்தப் பதிவை இன்னொரு தடவை போடேன்.”

அக்கா வேண்டாவெறுப்பாகப் போட்டாள். முதலில் ‘டிங்’ என்று ஒரு மணியோசை. அது சுத்தமாக இருந்தது. பிறகு ஒரு பெண் குரல், ‘பதிவைக் கவனமாகக் கேளுங்கள்’ என்றது. அதுவும் ஏறக்குறைய சுத்தம். ஆண் குரல் தொடங்கியதும்தான் “கர்ர்ர்” வந்தது.

பட்டன் லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கட்டைக் குரல் வரும்போதெல்லாம் கைக்குள் மெல்லிய அதிர்வு தெரிந்தது. இடது மூலையைக் கொஞ்சம் தூக்கினாள். கரகரப்பு “கிர்ர்ர்” என்று மாறியது. கீழே வைத்தாள். மறுபடியும் “கர்ர்ர்”. ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் தூக்கினாலும் வைத்தாலும் ஒரே மாதிரிதானே கேட்க வேண்டும்?

இந்தச் சத்தத்தை அவள் இதற்கு முன்பு எங்கேயோ கேட்டிருக்கிறாள். இதே வீட்டில், தினமும்.

“அம்மா, மெஷின் பலகைமேல கத்தரிக்கோலை வச்சிட்டுத் தெச்சா, அது கூடவே ஆடுமே?”

“ஆமா, தடதடன்னு உயிரை வாங்கும். அதுக்கென்ன இப்போ?” என்ற அம்மா சட்டென்று நிறுத்தினார். அவர் பார்வை லேப்டாப்புக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவே போய்வந்தது.

“நேத்து ஊசிப் பெட்டியையும் நான்தான் கொட்டினேன்,” என்றாள் பட்டன். மிச்சமிருந்ததும் வெளியே வந்துவிட்டது.

அக்கா லேப்டாப்பை மூடித் திருப்பினாள். அடிப்பக்கத்தில் இரண்டு ஓரங்களிலும் ஸ்பீக்கருக்காகக் குட்டிக் குட்டியாக நீளத் துளைகள் இருந்தன. இடது பக்கத் துளை ஒன்றில் ஏதோ மின்னியது. கூர்முனை உள்ளே நுழைந்திருக்க, உடம்பில் பாதியும் தலையும் வெளியே சாய்ந்து கிடந்தன.

“நாப்பது,” என்றார் அம்மா.

காலையிலிருந்து அவர் காந்தத்தோடு தேடாத இடமே இல்லை. லேப்டாப்பின் அடிவயிற்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அம்மாவின் கை பழக்கத்தில் காந்தத்தை எடுக்கப் போயிற்று. அக்கா பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கருக்குள்ளேயே காந்தம் இருக்கிறது, அதுதான் ஊசியை இழுத்து வைத்திருக்கிறது, இன்னொரு காந்தத்தைக் காட்டி இருப்பதையும் கெடுத்துவிட வேண்டாம் என்றாள். ஊசி உள்ளே எதிலாவது பட்டுவிடக் கூடாது என்று லேப்டாப்பை முழுவதுமாக அணைத்தாள். அது பழைய லேப்டாப். அணைத்துப் போட்டால் எழுந்து உட்காரவே ஆறேழு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

மணி இரண்டு முப்பத்தாறு.

அம்மா நூல் கோக்கும் சின்ன இடுக்கியை எடுத்தார். இருபது வருடமாகத் துணியில் ஓடிய கை அது, ஒருநாளும் நடுங்கியதில்லை. இடுக்கியின் முனை ஊசியருகே போனதும், இரும்புதானே அதுவும், ஸ்பீக்கர் காந்தம் அதையும் சேர்த்து இழுத்தது. முனை வழுக்கி ஊசியை இடித்தது. ஊசி இன்னும் உள்ளே போய்விட்டது. இப்போது துளைக்கு வெளியே தலை மட்டும்தான் தெரிந்தது.

அம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். அக்கா கண்களை மூடிக்கொண்டாள். இன்னொரு முறை இடித்தால் தலையும் உள்ளே போய்விடும், பிறகு லேப்டாப்பையே பிரித்தால்தான் உண்டு.

இரும்பாக இருந்தால் காந்தம் இழுக்கும். இரும்பில்லாமல் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? பட்டன் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் நூல்கண்டுகள் வரிசையாக இருந்தன.

“அம்மா, கோட்டுப் பட்டனுக்குப் போடற தடி நூலைக் குடுங்க.”

நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டாள். முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, சுருக்கை ஊசித் தலைக்கு மேல் இறக்கினாள். நகத்தால் மெல்லத் தள்ளி, தலைக்கு அடியில் நுழைத்தாள். இறுக்கி இழுத்தாள். சுருக்கு வழுக்கிக்கொண்டு வெறுமனே வந்துவிட்டது.

சுவர்க் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பட்டன் நூல்முனையை வாயில் வைத்து ஈரமாக்கினாள். மறுபடியும் சுருக்கை இறக்கினாள். நகத்தால் தள்ளினாள். இந்த முறை அவசரப்படவில்லை. சுருக்கு நன்றாக இறுகிக்கொள்ளும்வரை காத்திருந்து, பிறகு நேர் மேலாக இழுத்தாள். ஊசி முதலில் வரமாட்டேன் என்றது. கொஞ்சம் அசைந்தது. அப்புறம் முழுசாக வெளியே வந்து நூலில் தொங்கியது.

அம்மா அதைப் பிடுங்கித் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். அக்கா லேப்டாப்பைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள். மணி இரண்டு நாற்பத்தாறு. மூன்று மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருடம்தான்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இவ்வளவு மெதுவாகச் சுற்றும் வட்டத்தைப் பட்டன் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

இரண்டு ஐம்பத்துமூன்றுக்குத் திரை விழித்தது. அக்கா மாதிரிப் பதிவைப் போட்டாள். ‘டிங்’. பெண் குரல். பிறகு அந்த ஆண் குரல்.

“பதினேழாம் எண் வீடு. மூணாவது மாடி. சீக்கிரம் வாங்க.”

ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. அக்கா பட்டனின் கன்னத்தை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். அது கொஞ்சலா கிள்ளலா என்று பட்டனுக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மணி இரண்டு ஐம்பத்தேழு.

டாக்டர் மாமா ஒரு டப்பா நிறையப் பழைய ஸ்பீக்கர்களோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அம்மா வாயில் விரலை வைத்து அவரை உட்காரச் சொல்லி, காலரில் இருந்த ஊசியைக் காட்டினார். நடந்ததைக் கிசுகிசுப்பாகச் சொன்னார். டாக்டர் மாமா ஊசியைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார், மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

“அதைத் திருப்பிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே,” என்றார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அம்மா மெஷினைத் தொடவில்லை. சத்தம் உள்ளே கேட்டுவிடும் என்று கையாலேயே ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பட்டன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“காலையிலேருந்து இந்த ஊசியை எத்தனை தடவை தேடினேன் தெரியுமா?” என்று அம்மா ரகசியமாகக் கேட்டார்.

“நாலு தடவை.”

“அஞ்சு,” என்றார் அம்மா. தையலை நிறுத்தாமலே அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாலேகாலுக்குக் கதவு திறந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார்.

“இருபதும் தெளிவா கேட்டுச்சு. இருபதையும் எழுதிட்டேன்,” என்றாள் அக்கா. பதினாறாவது பதிவில் பேசியது ஒரு சின்னப் பெண்ணாம். பயத்தில் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு வீட்டு எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அக்கா பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் மேல கோபம் இன்னும் போகலை,” என்றாள்.

“சரிக்கா.”

“சரி, அந்தக் கரடி கடைசில யாரைப் பிடிச்சுது?”

“தெரியலைக்கா. அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா காலரிலிருந்த ஊசியை எடுத்துப் பெட்டியில் வைத்து, ஒன்றிலிருந்து நாற்பதுவரை உரக்க எண்ணி மூடினார். எண்ணி முடிக்கும்வரை டாக்டர் மாமா உட்பட யாரும் செருப்பைக் கழற்றவில்லை. அக்கா துணி வெட்டும் மேஜையைக் கையால் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, லேப்டாப்பை அதன்மேல் வைத்தாள்.

வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே கரடி தொண்டையைச் செருமிக்கொண்டு, கேக்கைத் திருடியது யார் என்று தன் கட்டைக் குரலில் தெளிவாகச் சொல்லத் தொடங்கியது.